யாருக்கும் சொல்லக்கூடாத எண்

போடிநாயக்கனூர்
2 ஜூலை 2025

அன்புள்ள ராணிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் கர்த்தர் கிருபையால் என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. மொக்கையன் ஜீப்பில் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். கம்பளிச் சட்டை, இருமல் மருந்து, பள்ளிக்கு இரண்டு பெட்டி சாக்பீஸ் இருக்கும். போன முறை அனுப்பிய குடை உன் கைக்கு வந்ததா, ஜீப்பிலேயே ஊர் சுற்றுகிறதா என்று எழுது.

போனில் கேட்டால் ஒரு நிமிடச் சோலி. ஆனால் உன் எஸ்டேட்டில் டவர் இல்லை. டவர் இருக்கிற குரங்கணிக்கு நீ இறங்கி வரும் நாளில் என் எண்ணைப் பார்த்தால் எடுப்பதில்லை. ஊருக்கே இன்டர்நெட் பார்த்துக் கொடுக்கிற கடைக்காரன் பெண்டாட்டிக்குப் பேனா பிடித்துக் கடிதம் எழுதுகிறான் என்று வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

தங்கபாண்டியை உனக்கு நினைவிருக்கும். நம் கடையில் மவுஸ் பிடிக்கக் கற்றவன், இன்று கேபிள் இன்டர்நெட் கம்பெனி முதலாளி. சிலமலைக்கும் ராசிங்காபுரத்துக்கும் கம்பி இழுத்துவிட்டான். நேற்று காரை கடை வாசலில் அடைத்து நிறுத்திவிட்டு வந்தான். "சார், நம்ம கஸ்டமருக புதுசா போன் வாங்கி எதையாச்சும் அமுக்கி மாட்டிக்கிறாக. வாட்ஸப்பு, பேஸ்புக்கு எப்பிடிப் பாக்கணும், எதுல உஷாரா இருக்கணும்னு ஒரு நோட்டீசு எழுதிக் குடுங்க. ஒங்க தமிழ் நல்லா இருக்கும்" என்றான். இயற்பியலில் எம்.பில். முடித்தவனுக்குக் கடைசியில் கிடைத்த பாராட்டு. அந்தக் கல்லூரியில் எனக்கு வரவேண்டிய வேலையை வேறொருவனுக்குத் தூக்கிக் கொடுக்காமல் இருந்திருந்தால் இவனெல்லாம் என்னிடம் நோட்டீசு கேட்டிருப்பானா? சரி, ஒப்புக்கொண்டேன்.

எழுதிய மட்டும் இதோ. உன் மலை ஜனங்களுக்குப் புரியுமா பார்.

"தெரியாத எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் திறக்காதீர்கள். பத்திரிகை படமாகத்தான் வரும். 'இன்ஸ்டால் செய்யவா' என்று கேட்கிற பத்திரிகை உலகத்தில் இல்லை. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டியதில்லை. போடச் சொல்கிறவன் உங்கள் பணத்தை எடுக்கப் போகிறான். போலீஸ் யாரையும் வீடியோவில் கைது செய்வதில்லை. காலை வணக்கப் படங்களை அனுப்பாதீர்கள். அவற்றால் யாருடைய காலையும் நல்லதானதில்லை. நீங்கள்தானா என்று சரிபார்க்கக் குறுஞ்செய்தியில் ஓடிபி என்று ஓர் எண் வரும். அதை யாருக்கும், யாருக்கும், யாருக்கும் சொல்லாதீர்கள். பெற்ற பிள்ளை கேட்டாலும், கட்டியவன் கேட்டாலும்."

இன்னொன்று. ஆசிரியர் இடமாறுதல் விண்ணப்பம் இந்த மாதம் திறக்கிறார்கள். முப்பத்தொன்று கடைசித் தேதி. போன ஜூனில் நீயாகக் கேட்டு அந்த மலைப் பள்ளியை வாங்கிக்கொண்டு போனாய். ஒரு வருஷம் என்றாய். வருஷம் முடிந்துவிட்டது. இந்த முறை போடுவாய்தானே?

அன்புடன்,
பெத்துராஜ்


எஸ்டேட் பள்ளி, குரங்கணி மேல்
6 ஜூலை

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். பை வந்தது. குடையும் வந்தது, மொக்கையன் அண்ணன் மேல் பழி போடாதீர்கள். இங்கே பத்து நாளாகச் சாரல் விடவில்லை. ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகள் ஈரச் சட்டையோடு வந்து உட்காருகிறார்கள். எனக்கு இருமல் குறைந்திருக்கிறது. நீங்கள் மதியம் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, இன்னும் பரோட்டாவா?

நோட்டீசைப் படித்தேன். சொன்னதெல்லாம் சரி. ஆனால் படித்து முடித்தால் அடி வாங்கின மாதிரி இருக்கிறது. எங்கள் சத்துணவு சமைக்கிற மாயக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். "யாத்தே, நெட்டு போட்டா இம்புட்டு ஏச்சும் வாங்கணுமா டீச்சரு?" என்றாள்.

காலை வணக்கம் பற்றிய வரியை எடுத்துவிடுங்கள். மாயக்காளின் மகன் திருப்பூரில் இருக்கிறான். எழுதப் படிக்க அவ்வளவாக வராது. தினமும் ஒரு ரோஜாப் படம் அனுப்புவான். அவள் ஞாயிற்றுக்கிழமை குரங்கணிக்கு இறங்கினதும் போனில் ஒரு வாரத்து ரோஜாவும் வரிசையாக வந்து விழும். "புதங்கெழமை பூ இல்ல, காச்சல்ல கெடந்துருக்கான்" என்று அதை வைத்தே சொல்லிவிடுவாள். அவளிடம் போய் அனுப்பாதே என்று நான் எப்படிச் சொல்வது?

இன்னொரு குறை. வாட்ஸப் என்றால் நம் ஜனங்களுக்கு முதலில் குடும்பக் குழுதான். குழுவில் என்ன எழுதலாம், எதை எழுதிவிட்டு ஒரு ராத்திரி வைத்திருந்து காலையில் அனுப்பலாம் என்று உங்கள் நோட்டீசில் ஒரு வரிகூட இல்லை. இடம் போதவில்லையோ?

மாறுதல் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புள்ள,
கிருபாராணி


போடி
9 ஜூலை

அன்புள்ள ராணிக்கு,

'யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரு வரி. ரோஜாவுக்கு ஒரு பத்தி. நல்லது.

ரோஜாவை எடுத்துவிட்டேன், உனக்காக. மற்றது அப்படியே அச்சாகிவிட்டது. பச்சைத் தாள். என் பெயரைப் பட்டத்தோடு போட்டிருக்கிறான், அடியில் என் போன் எண்ணும் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் கேட்கச் சொல்லி. சிலமலை, ராசிங்காபுரம் போக மீதியை மொக்கையனிடம் கொடுத்துக் குரங்கணிக்கும் மேலேயும் அனுப்பச் சொன்னேன்.

அன்றே பலன். சிலமலைச் சுருளியம்மாள் ஆட்டை விற்க யாரிடமோ பேஸ்புக்கில் பேசியிருக்கிறது. பட்டாளத்துக்காரன் என்று சொன்னானாம். பணம் அனுப்புகிறேன், கியூஆர் கட்டத்தைப் படம் பிடித்து ரகசிய எண்ணைப் போடு என்றிருக்கிறான். கடைக்கு ஓடி வந்தது. "ஏப்பு, காசு வர்றதுக்கு நான் எதுக்கு என் நம்பரப் போடணும்? ஒன் நோட்டீசுல வேற மாதிரில்ல இருக்கு?" என்று தாளை என் மூக்குக்கு நேரே நீட்டியது. "போடாத ஆத்தா" என்றேன். அங்கேயே போனில் அவனைக் கூப்பிட்டு, "ஆடு வேணும்னா வெரசா நேர்ல வாடா. கெடா முட்டும், பாத்து வா" என்றது. கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

குடும்பக் குழு பற்றி நீ எழுதியதற்கு வருகிறேன். நான் எழுதியதில் பொய் எது? போன வருஷம் உன் அண்ணன் சாம்சன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் அவன் வகையறா முழுக்க பட்டம், பதவி, கடைப் பெயர் எல்லாம் போட்டான். ஏலக்காய்க் கடையில் தராசு பிடிக்கிறவனுக்குக்கூட 'மேலாளர்'. எனக்கு மட்டும் 'பெத்துராஜ், பிரௌசிங் சென்டர்'. எம்.எஸ்சி.யும் இல்லை, எம்.பில்.லும் இல்லை. கேட்டதற்கு, "எடம் பத்தல மாப்ளே" என்று சிரித்தான். அவன் எட்டாவது தாண்டவில்லை என்பதும், பட்டம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை என்பதும் உண்மை. உண்மையைக் குழுவில் எழுதினேன். உண்மைக்கு ராத்திரி என்ன, காலை என்ன?

ராணி, கடையில் உட்கார முடியவில்லை. ஜீப் ஸ்டாண்டு வரை நடக்கிறேன், திரும்புகிறேன். மொக்கையன் வண்டி வந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறேன். சிலமலையில் ஓர் இடம் காலி, ராசிங்காபுரத்தில் ஓர் இடம் காலி. இரண்டுக்கும் வீட்டிலிருந்து பஸ்சு இருக்கிறது. நேரம்கூட விசாரித்து வைத்திருக்கிறேன்.

பெத்துராஜ்


எஸ்டேட் பள்ளி
14 ஜூலை

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் நோட்டீசால் இங்கே தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகள் எதிலும் கேஸ் அடுப்பு எரியவில்லை.

எப்படி என்று சொல்கிறேன். இங்கே யார் போனிலும் டவர் கிடைக்காது என்பதால் கேஸ் பதிவு செய்யும்போது எல்லாரும் மொக்கையன் அண்ணன் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவர் பகலெல்லாம் போடியிலும் குரங்கணியிலும் இருப்பவர். சிலிண்டர் குரங்கணிக்கு வந்ததும் அவர் போனுக்கு எண் வரும். அதைக் கேஸ்காரத் தம்பியிடம் சொல்லி சிலிண்டரை வாங்கி ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுவார். இத்தனை வருஷமாக இதுதான் வழக்கம்.

போன வாரம் உங்கள் பச்சைத் தாளை ஜீப்பில் கருப்பசாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அன்றைக்குக் கேஸ் லோடு வந்தது. நடந்ததை மாயக்காள் அப்படியே செய்து காட்டினாள்.

"நம்பரு சொல்லுண்ணே" என்றிருக்கிறான் கேஸ்காரத் தம்பி.

"சொல்ல மாட்டேன்."

"யோவ், நம்பரு சொன்னாத்தான் சிலிண்டரு."

"கட்டுனவன் கேட்டாலே சொல்லக் கூடாதாம்டா. நீ யாரு எனக்கு?"

லோடு திரும்பிப் போய்விட்டது. நான் இறங்கிப் போய்க் கேட்டேன். "டீச்சர், சாரு எம்மெஸ்ஸி படிச்சவரு. ஒரு தரம் இல்ல, மூணு தரம் யாருக்கும்னு போட்டுருக்காரு. அவரு பொண்டாட்டி நீங்களே வந்து மீறச் சொல்லலாமா?" என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. மேலே ஏறி வந்ததும் போய்விட்டது. மழையில் நனைந்த விறகை எரித்து எல்லா வீட்டிலும் புகை. மாயக்காள் ராத்திரியெல்லாம் இருமுகிறாள். சத்துணவுக் கூடத்துச் சிலிண்டர் மட்டும் தனிக் கணக்கு என்பதால் தப்பித்தது. இரண்டு நாளாகக் கைப்பிள்ளைகளுக்குப் பால் காய்ச்ச எல்லாரும் அங்கேதான் வருகிறார்கள்.

யாருக்குச் சொல்லக்கூடாது, யாருக்குச் சொன்னால்தான் வேலை நடக்கும் என்று பிரித்து எழுதுங்கள். போனில் கேட்கிற அந்நியனும் வாசலில் சிலிண்டரோடு நிற்கிறவனும் ஒன்றில்லை. எல்லாரையும் திருடன் என்று எழுதிவிட்டால் எழுதுகிறவருக்கு வேலை சுலபம்.

அண்ணன் வீட்டுக் கல்யாணம் பற்றி எழுதியிருந்தீர்கள். உண்மை, பொய் என்று நான் கேட்கவில்லை. சபைக் கோயிலில் போதகர் ஐயர் கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிறார். என்னைச் சுற்றி எல்லாப் பெண்கள் மடியிலும் போன் வெளிச்சம், அதில் நீங்கள் எழுதியது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பெண்ணைப் பார்க்க வேண்டிய நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

கிருபாராணி


போடி
16 ஜூலை

ராணிக்கு,

உன் கடிதம் கிடைத்த உடனே ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். மொக்கையனை டீக்கடையில் பிடித்து உட்கார வைத்தேன். கேஸ்காரனுக்கு மட்டும் சொல்லலாம் என்றேன்.

"அப்ப ஒங்க நோட்டீசு தப்பா சார்?"

"தப்பில்லை."

"அப்பறம் எப்பிடிச் சொல்றது?"

"சிலிண்டர் கண்ணுக்கு முன்னால் இருந்தால் சொல்லலாம்."

"அத நோட்டீசுல போடலியே சார்."

இப்படியே இரண்டு டீ. கடைசியில் கேஸ் ஏஜென்சிக்கு நானே பேசினேன். நாளைக்கு லோடு வரும். மாயக்காளுக்கு ஆவி பிடிக்கத் தைலமும் இத்துடன் இருக்கிறது.

ஆனால் வரியை மாற்றப் போவதில்லை. தங்கபாண்டியும் வந்து, "ஒரு வரிதான சார், அடுத்த அச்சுல மாத்திருவோம்" என்றான். முடியாது என்றேன். ஒருவனுக்குச் சொல்லலாம் என்று எழுதினால் ஜனங்கள் ஒன்பது பேருக்குச் சொல்வார்கள். விதிக்கு வாசல் வைத்தால் அது விதி இல்லை. இதை நீயும் வகுப்பில் பிள்ளைகளிடம் செய்கிறவள்தான்.

எல்லாரையும் திருடன் என்று எழுதுவது சுலபம் என்றாய். சுலபமில்லை ராணி. ஒவ்வொருவரிடமும் ஒன்றைப் பறிகொடுத்துத்தான் அந்த இடத்துக்கு வர முடியும்.

மாறுதல் தளம் திறந்துவிட்டது. மூன்று நாளாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் கணக்கை நான்தானே பதிவு செய்தேன், மேலே டவர் இல்லை என்று என் எண்ணைத்தானே கொடுத்தேன். கடவுச்சொல்லும் என்னிடம் இருக்கிறது. நானே சிலமலை என்று போட்டுவிடட்டுமா? நீ மழையில் இறங்கி வரவேண்டியதில்லை. ஒரு வார்த்தை எழுது, போட்டுவிடுகிறேன். எழுதாவிட்டாலும்கூடப் போட்டுவிடலாம் என்றுதான் கை வருகிறது. பிடித்து வைத்திருக்கிறேன்.

பெத்துராஜ்


எஸ்டேட் பள்ளி
20 ஜூலை

அன்புள்ள அத்தானுக்கு,

கேஸ் வந்துவிட்டது. மாயக்காள் உங்களுக்குத் தோத்திரம் சொல்லச் சொன்னாள். அவள் கும்பிடுவது மாரியம்மனை, ஆனாலும் எனக்காக அந்த வார்த்தையைச் சொல்கிறாள்.

தயவுசெய்து நீங்கள் எதையும் போட வேண்டாம். குரங்கணிக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றினேன். உங்களுக்கும் குறுஞ்செய்தி வந்திருக்கும். கோபப்படாதீர்கள்.

நானே விண்ணப்பம் போடப் போகிறேன். செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் மொக்கையன் அண்ணன் வண்டியில் குரங்கணிக்கு இறங்கி, என் போனிலேயே நிரப்பிவிடுவேன். ஆனால் கடைசியில் அனுப்புகிற போது ஓடிபி உங்கள் எண்ணுக்குத்தான் வரும். என் எண்ணுக்கு மாற்றலாமா என்று பார்த்தேன். மாற்றுவதற்கும் உங்கள் எண்ணுக்கு வருகிற ஓடிபிதான் வேண்டுமாம். மூன்று நிமிடத்துக்குள் போட வேண்டும்.

அதனால் கேட்கிறேன். நான் கூப்பிடும்போது அந்த எண்ணை மட்டும் படித்துச் சொல்லுங்கள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஒரு வருஷமாக நான் யோசித்தது இது. நானாகப் போட்டேன் என்று இருக்க வேண்டும். இருபத்துநாலு வருஷத்தில் உங்களிடம் இப்படி எதையும் கேட்டதில்லை.

கிருபாராணி


போடி
22 ஜூலை, செவ்வாய் மாலை

ராணிக்கு,

போனை வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன்.

மதியத்திலிருந்து கடையில் ஒரு வேலை ஓடவில்லை. ஆதார் திருத்த வந்தவர்களை நாளைக்கு வரச் சொன்னேன். போனை மேசையில் வைத்தேன், சட்டைப் பையில் வைத்தேன், திரும்ப மேசையில் வைத்தேன். ஐந்தரைக்கு உன் அழைப்பு வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு என் போனில் உன் பெயர். அதன் பின்னாலேயே குறுஞ்செய்தி. எண் என் கண் முன்னால் இருந்தது.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எந்த ஊர்? இது ஒரு குற்றமா? கணவன் கேட்கக்கூடாத கேள்வியா? வங்கியில் முன்பின் தெரியாதவனே எதற்காக என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறான். நீ சிலமலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த மூச்சில் படித்திருப்பேன். வேறு ஊர் சொல்லியிருந்தாலும் படித்திருப்பேன். கொஞ்சம் பொறுத்துப் படித்திருப்பேன். மழைச் சத்தத்துக்கு நடுவே "எண்ணச் சொல்லுங்க அத்தான்" என்றாய். "ஊரைச் சொல்லு" என்றேன். "நேரம் போகுது" என்றாய். நான் மறுபடியும் கேட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

உன் அம்மா ஊருக்கா? நாகர்கோவில் பக்கமா? சாம்சன் ஏதாவது சொல்லிக் கொடுத்தானா? அவன் இரண்டு வாரம் முன்னால் குரங்கணிக்குப் பச்சை ஏலக்காய் வாங்க வந்தான் என்று எனக்குத் தெரியும்.

நாளைக்கு ஐந்தரைக்கு மறுபடி போடு. போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

பெத்துராஜ்


எஸ்டேட் பள்ளி
25 ஜூலை

அன்புள்ள அத்தானுக்கு,

அண்ணன் பச்சைக்காய் வாங்கத்தான் வந்தார். மாறுதல் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. உங்களைப் பற்றி, "மாப்ள சாப்பாட்டுக்கு என்ன பண்றாரு?" என்று கேட்டார். நம்ப மாட்டீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் டீக்கடைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மொக்கையன் அண்ணன் என் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். எந்த ஊர் என்று நீங்கள் முதல் தடவை கேட்டபோது சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். சொன்னால், நீங்கள் கேட்டு, நான் சொல்லி, நீங்கள் சம்மதித்து நடந்ததாகிவிடும். பிடித்த ஊராக இருந்தால் நீங்கள் அழைத்துவந்ததாக ஆகும். பிடிக்காத ஊராக இருந்தால் நான் ஓடிப்போனதாக ஆகும். எப்படி இருந்தாலும் நான் போட்டதாக இருக்காது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். மூன்றாவது தடவை கேட்டீர்கள். போனில் நேரம் முடிந்துவிட்டது என்று சிவப்பாக வந்தது.

திரும்ப மொக்கையன் அண்ணன் வண்டியில்தான் ஏறினேன். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "சாரு நோட்டீசுல எழுதுன மாதிரியே இருக்காரு டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி நான் கூப்பிடப் போவதில்லை. ஒரு தடவை கேட்கத்தான் என்னிடம் தைரியம் இருந்தது. விண்ணப்பம் நிரப்பின மட்டும் அப்படியே கிடக்கிறது. முப்பத்தொன்றோடு தானாக அழிந்துவிடும். இன்னும் ஒரு வருஷம் இங்கே இருப்பது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. இந்தப் பிள்ளைகளை எனக்குப் பிடித்திருக்கிறது. மழையும் பழகிவிட்டது.

நீங்கள் கோபத்தோடு எழுதுவீர்கள். கொஞ்ச நாள் எழுதாமல் இருங்கள். அதுவும் நல்லதுதான்.

கிருபாராணி


போடி
28 ஜூலை, திங்கள் காலை

அன்புள்ள ராணிக்கு,

எழுதாதே என்றாய். இது கடிதமில்லை, உறையைப் பிரிக்கிற முறை பற்றிய குறிப்பு என்று வைத்துக்கொள்.

தாளின் மூலையில் ஒட்டுநாடாவுக்குக் கீழே இருப்பது என் சிம். ஒரு தட்டை வைத்துக்கொண்டு அதன் மேல் மெதுவாகப் பிரி. உன் வீட்டுத் தரைப்பலகை இடுக்கில் விழுந்தால் கிடைக்காது. உன் போனில் இரண்டாவது சிம்முக்கு இடம் இருக்கிறது. பக்கவாட்டுத் தட்டைக் குத்தி எடுக்கக் குண்டூசி இத்துடன் குத்தி வைத்திருக்கிறேன். பூட்டு எண் எதுவும் இல்லை. குரங்கணியில் டீக்கடைத் தாழ்வாரத்தைவிடப் பாலத்துக்கு அந்தப் பக்கம் டவர் நன்றாகக் கிடைக்கும் என்று மொக்கையன் சொல்கிறான். வியாழக்கிழமை கடைசித் தேதி. கடைசி நாளில் தளம் நெரிசலாக இருக்கும். புதன்கிழமையே போட்டுவிடு.

ஓடிபி உன் கையிலேயே வரும். நான் பார்க்க மாட்டேன். எந்த ஊர் என்று எனக்கு எழுத வேண்டாம்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. சாம்சன் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. நோட்டீசில் எழுதியதையும் நான் மீறவில்லை. எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது என்றுதான் எழுதினேன், நான் யாருக்கும் சொல்லவில்லை. சிம்மைக் கழற்றிக் கொடுக்கக்கூடாது என்று எழுத அதில் இடம் போதவில்லை.

சில சிரமங்கள் உனக்கு வரும். அச்சான நோட்டீசு எல்லாவற்றிலும் இந்த எண்தான் இருக்கிறது. நீ டவரில் நிற்கிற நேரத்தில் ராசிங்காபுரத்திலிருந்து யாராவது நெட்டு வரவில்லை என்று கூப்பிடுவார்கள். பெட்டியை அணைத்து, கொஞ்சம் பொறுத்து, திரும்பப் போடச் சொல். முக்கால்வாசி அதிலேயே சரியாகிவிடும். சுருளியம்மாள் கூப்பிட்டால் ஆட்டுக் கதையை முதலிலிருந்து சொல்லும், கேட்டுக்கொள். உன் அண்ணன் கூப்பிட்டாலும் கூப்பிடலாம். இரண்டு மாதம் முன்னால் அவனிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது, நான் எடுக்கவில்லை. நீ எடுத்தால் நான் எடுக்காததற்கு என்ன காரணம் சொல்வாயோ சொல்லிக்கொள். குடும்பக் குழுவிலிருந்து நேற்று நானாக விலகிவிட்டேன். விலகுமுன் ஒன்றும் எழுதவில்லை. எழுதி வைத்திருந்தது ஒன்று இருந்தது. அதை அழித்துவிட்டேன்.

தங்கபாண்டி காலையில் கடைக்கு வந்து, "என்ன சார், கூப்புட்டா எடுக்க மாட்டேங்குது?" என்றான். சிம் போய்விட்டது என்றேன். "புது சிம்முல அதே நம்பர் போட்டுக் குடுக்கவா? பத்து நிமிஷ வேல" என்றான். வேண்டாம் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

போன் மேசையில் கிடக்கிறது. கை தானாகப் போய் எடுக்கிறது. எடுத்தால் மணி மட்டும் தெரிகிறது. வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வெளியே மொக்கையன் ஆரன் அடிக்கிறான். "என்ன சார், கடுதாசி எழுதுறீகளா, பத்திரம் எழுதுறீகளா? ஆளுக ஏறிட்டாக" என்று கத்துகிறான்.

வேலை முடிந்ததும் சிம்மை அனுப்புவதா, நீயே வைத்துக்கொள்வதா என்பதும் உன் இஷ்டம். எதுவானாலும் அவசரமில்லை. நான் கடையில்தான் இருப்பேன்.

பெத்துராஜ்